பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் அவசரம்

ஒரு விஷயத்தை யாராவது எனக்கு விளக்கிச் சொன்னால் புண்ணியமாகப் போகும். சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பி வருகிற காலை. மத்தியானம் பெங்களூரு விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் மேல் தளத்தில் உட்கார்ந்து நிதானமாக இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் நனைத்துக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூர் ரயிலுக்குப் போக வேண்டிய குடும்பம் குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருக்கிறது. திருவொற்றியூர் தேரடிக்குப் போக வேண்டியவர், துறைமுகத்திலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லாத வீட்டுக்குப் போக வேண்டியவர், விடியற்காலை ஐந்து மணிக்கே குளித்து, விபூதி பூசி, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி லிஃப்ட் வாசலில் நிற்கிறார்.

கப்பல் அப்போது இன்னும் கடலில் இருக்கிறது. துறைமுகத்து பைலட்டே ஏறியிருக்க மாட்டார். இவர் யாரை முந்தப் பார்க்கிறார்?

பஸ்ஸில் இது நமக்குப் பழக்கம்தான். வண்டி காலடிப்பேட்டையைத் தாண்டியதுமே தேரடியில் இறங்குகிறவர் எழுந்து, நாலு பேர் காலை மிதித்து, படிக்கட்டுக்கு வந்துவிடுவார். அதிலாவது ஒரு நியாயம் உண்டு. டிரைவர் நிறுத்துவார் என்று நம்பி உட்கார்ந்திருந்தால் அடுத்த நிறுத்தத்தில்தான் கால் தரையில் படும். மீனம்பாக்கத்தில் விமானச் சக்கரம் தரையைத் தொட்ட சத்தம் அடங்குமுன் எழுந்து, தலையைச் சாய்த்துக் கழுத்து வலிக்க நிற்கிறோமே, அதில் நியாயமே கிடையாது. ஆனாலும் கால்மணி நேரத்தோடு போயிற்று. கப்பலில் இந்தக் கூத்து முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடுகிறது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

எங்கள் பக்கத்து ஜனத்துக்குக் கப்பல் புதுசு இல்லை. கப்பலில் பயணியாகப் போவதுதான் புதுசு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஹார்பரை அண்டிப் பிழைத்த தெருக்களில், வின்ச் ஓட்டியவர், மூட்டை தூக்கியவர், சரக்கு எண்ணிக் குறித்தவர் என்று ஒருத்தராவது இருப்பார். கப்பல் என்றால் சம்பளம். கப்பல் என்றால் கரித்தூள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி நிலக்கரியும் இரும்புத்தாதும் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்குப் போகிற வரைக்கும், ராயபுரத்தில் வெள்ளை வேட்டியை நம்பி மாடியில் காயப்போட்டவர் கிடையாது. (ராயபுரத்துக்கு விடிந்தது. எண்ணூர் எந்தப் பக்கம் இருக்கிறது, யார் வீட்டு மாடிக்குப் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

அப்படிப்பட்ட துறைமுகத்திலிருந்துதான் 2022 ஜூன் 4-ஆம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் சொகுசுக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார். அந்த மாசமே அந்தக் கப்பல் புதுச்சேரிக்குப் போய், கரையில் கால்வைக்க அனுமதி கிடைக்காமல், கடலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியதும் பேப்பரில் வந்தது. அடுத்த வருஷம் ஜூன் 5-ஆம் தேதி ஒன்றிய அமைச்சர் சர்வானந்த சோனோவால் இலங்கைக்குப் போகிற கப்பலை அனுப்பிவைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்விட்டு வருவது. சென்னையில் அமைத்த பயணியர் முனையத்துக்கு மட்டும் 17.21 கோடி ரூபாய் ஆனது என்றார்கள். சரி, இத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் மட்டும் கேட்டவர்கள் நாமும் ஒரு தடவை ஏறிப் பார்ப்போமே என்று சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டிலும் மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளைச் சாக்கு வைத்து ஒரு பட்டாளமே கிளம்பியது.

ஏறியது, தின்றது, ஆடியது எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கடைசி நாள் சாயங்காலம் அறைக்கு ஒரு தாளும் கொஞ்சம் வண்ணச் சீட்டுகளும் வந்தன. அதோடு சந்தோஷம் தீர்ந்தது.

விஷயம் சின்னது. இறங்குவதற்கு இரண்டு வழி. பெட்டிகளில் வண்ணச் சீட்டைக் கட்டி ராத்திரி குறித்த நேரத்துக்குள் அறை வாசலில் வைத்துவிட்டால், ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்க் காலையில் கரையில் நிறம் நிறமாக அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் கைவீசிக்கொண்டு, நம் நிறத்தைக் கூப்பிடும்போது போகலாம். அது வேண்டாம் என்கிறவர்கள் பெட்டியைத் தாங்களே வைத்துக்கொண்டு, காலையில் தாங்களே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கலாம். உலகத்தில் எல்லாச் சொகுசுக் கப்பலிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டிய சமாசாரம். எங்கள் குடும்பத்தில் அது ராத்திரிச் சாப்பாட்டைத் தின்றது.

“பொட்டிய வெளிய வெச்சிட்டுத் தூங்கச் சொல்றானே, எவனாவது தூக்கினு பூட்டான்னா?” என்றார் மாமியார்.

“எங்க அத்தை தூக்கினு போவான்? சுத்தி கடலு” என்றார் சகலை.

“நமக்கு இன்னாத்துக்கு அதெல்லாம். மொதல் ஆளா எறங்கிடலாம். எட்டு மணிக்கு வூட்டுல இருந்தா ஒரு வேலை ஆவும்” என்றான் மச்சினன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கு முன்னால் அவன் கண் திறந்து நான் பார்த்ததில்லை.

“இன்னாடா வேலை?” என்று என் மனைவி கேட்டாள்.

“வேலைன்னா... வூட்டுக்குப் போலாம்.”

இதுதான் மொத்த வாதமும். வீட்டுக்குப் போகலாம் என்பதற்காக வீட்டுக்குப் போவது. இதற்காக மூன்று அறைக்காரர்கள் தாழ்வாரத்தில் நின்று நடுராத்திரி வரைக்கும் பேசினோம். எதிர் அறைக்காரர் இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் சகலை வீடு வண்ணச் சீட்டு என்றும், மச்சினன் வீடு கைப்பெட்டி என்றும், நாங்கள் மாமனார் சொல்கிறபடி என்றும் மூன்றாகப் பிரிந்தோம்.

வண்ணச் சீட்டுதான் புத்திசாலித்தனம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டி ராத்திரி போனால் காலையில் கரையில்தான் கண்ணில் படும். ஆகவே காலையில் போட வேண்டிய துணி, சர்க்கரை மாத்திரை, கண்ணாடி, போன் சார்ஜர் இதெல்லாம் ஒரு கைப்பையில் தனியாக இருக்க வேண்டும். சகலை வீட்டம்மா கெட்டிக்காரி. கட்டிலுக்கு அடியில்கூடத் தேடி எல்லாவற்றையும் மடித்து, அடுக்கி, பூட்டு போட்டு வாசலில் வைத்துவிட்டார். காலையில் சகலை கைலியோடு எழுந்து பார்த்தால், அந்தக் கைலியைத் தவிர அவருக்கென்று அறையில் இருந்தது முந்தின ராத்திரி விருந்துக்குப் போட்ட கோட்டு மட்டும். அது அலமாரிக்குள் ஹேங்கரில் தொங்கியதால் தப்பித்தது. மேலே கோட்டு, கீழே நீலக் கட்டம் போட்ட கைலி. அப்படியே காலைச் சாப்பாட்டுக்கு வந்து, அப்படியே வரிசையில் நின்று, அப்படியே இறங்கினார். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் இறங்குகிற அவசரம்.

பெட்டியில் அப்படி என்னதான் கொண்டுவருகிறோம் என்று பார்த்தால் அது இன்னொரு வயிற்றெரிச்சல். சின்னச் சின்ன ஜாம் டப்பி, வெண்ணெய்ப் பொட்டலம், குளியலறைச் சோப்பு, டீத்தூள் பை, காகிதக் கைக்குட்டை. காதற்ற ஊசியைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிவிட்டுப் போன பட்டினத்தார் எங்கள் திருவொற்றியூர்க் கடற்கரை ஓரம்தான் அடங்கியிருக்கிறார். அவர் சமாதிக்கு மாதாமாதம் விளக்குப் போடுகிற குடும்பத்தின் பெட்டியில் பதினேழு ஷாம்பு பாட்டில்.

சரி, விடியற்காலை லிஃப்ட் வாசலுக்கு வருவோம். அங்கே நிற்கிறவர்கள் எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கிறார்களா? கப்பல் துறைமுக வாய்க்கு வந்ததும் பைலட் ஏற வேண்டும். இழுவைப் படகுகள் வந்து கப்பலைத் தள்ளி மேடையோடு அணைக்க வேண்டும். கயிறு கட்ட வேண்டும். கேங்வே போட வேண்டும். அதிகாரிகள் ஏறிக் காகிதம் பார்க்க வேண்டும். வெளிநாடு போய்வந்த கப்பல் என்றால் சுகாதாரம், குடிநுழைவு, சுங்கம் என்று இன்னும் நாலு முத்திரை. அப்புறம்தான் “இறங்கலாம்” என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதற்குப் பிறகும் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு இருப்பது ஓரிரண்டு கேங்வே. ஒவ்வொருத்தர் அட்டையும் ஒரு கருவியில் ‘டிங்’ என்று ஒலித்தால்தான் அந்த ஆள் இறங்கியதாகக் கணக்கு. முன்பணம் ரொக்கமாகக் கட்டியவர்கள் மிச்சத்தை வாங்க வரவேற்பு மேசை முன்னால் இன்னொரு வரிசை. இதில் எந்த இடத்தில் நம் முழங்கை வேலை செய்யும்? அஞ்சு மணிக்கு நின்றாலும் கேங்வே விழும்போதுதான் விழும்.

நின்றால் நிற்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் திறக்கிறது, உள்ளே பெட்டியும் ஆளுமாக அடைத்திருக்கிறது, மூடுகிறது. சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் நாலாவது தடவையாகத் திறக்கிற கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் கையில் விமான டிக்கெட். உள்ளே நின்றவர்களில் பாதிப் பேர் என் முகம் தெரிந்தவர்கள். மெட்ரோவில் ஏறினால் கண்மூடித் திறப்பதற்குள் வீடு போய்ச் சேருகிற தூரத்துக்காரர்கள். “கொஞ்சம் எறங்கி வழி விடுங்கப்பா” என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். “மேடம், நாங்க அஞ்சு மணியில இருந்து நிக்கிறோம்” என்று பதில் வந்தது. நின்றதே ஒரு தகுதி ஆகிவிட்டது பாருங்கள்.

மாமனார் இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

“மாப்ள, சரக்குக்குக்கூட ஒரு கணக்கு இருக்குது. எந்தச் சரக்கு எந்த ஊர்ல எறங்கணும்னு பாத்துதான் ஏத்துவான். கடைசி ஊர்ல எறங்கறது அடியில, மொதல்ல எறங்கறது மேல. எந்த ஹோல்டுல இருந்து எத்தினி எடுக்கறதுன்னு கையில பிளான் வெச்சினுதான் எறக்குவோம். தாறுமாறா எடுத்தா கப்பல் ஒரு பக்கமா சாஞ்சுடும். மூட்டை பேசாம இருக்குது, சொன்ன நேரத்துக்கு எறங்குது. ஆளுங்கதான் எறங்க மாட்றானுங்க.”

அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மூட்டைக்கு இருக்கிற பொறுமை மனுஷனுக்கு இல்லை.

ஒருகாலத்தில் இதே ஊரில் இறங்குவது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். துறைமுகமே இல்லாத மதராஸ். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு வர மசூலாப் படகுதான். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், தவறி விழுகிறவர்களைத் தூக்க. அலை மோசமாக இருக்கிற அன்றைக்குக் கரையில் கொடி ஏறிவிடும். அன்று கவர்னரே வந்திருந்தாலும் கப்பலிலேயே கிடக்க வேண்டியதுதான். கொடி இல்லாத நாளிலும், கடைசி அலைவரிசைக்கு வெளியே படகை நிறுத்தி, நல்ல அலை வருகிற வரைக்கும் தண்டல் காத்திருப்பார். அவர் குரல் கொடுத்தால்தான் துடுப்பு விழும். ‘சீமையிலிருந்து மாசக்கணக்கில் வந்திருக்கிறேன், சீக்கிரம் விடு’ என்று துரை சத்தம் போட்டால் படகு கவிழும், அவ்வளவுதான். அந்தத் தண்டல்கள் யார்? இந்தக் கடற்கரைக் குப்பங்களின் ஆட்கள். இறங்குகிற நேரம் எது என்பதை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர்களின் ஊரில் பிறந்துவிட்டு, லிஃப்ட் பொத்தானை நிறுத்தாமல் குத்திக்கொண்டு நிற்கிறோம்.

ரஜூலா கப்பலின் கதை வேறு. 1926-இல் கட்டியது; 1973 வரைக்கும் மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடி, 1985-இல் தீப்பிடித்து, அந்தப் பயணமே நின்றுபோனது. வெள்ளைக்காரன் காலத்தில் ரஜூலா மாதிரிக் கப்பல்களில் இறங்குகிற வரிசையை டிக்கெட்தான் தீர்மானித்தது. கேபின்காரர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பினாங்குத் தெருவுக்குப் போவார். டெக்கில் பாய் விரித்துப் படுத்துவந்தவரை ஊரைக் கண்ணால் காட்டிவிட்டு, எதிரே இருக்கிற ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோவார்கள். விலை கூடிய அறைக்காரருக்கு முதல் வரிசை என்பது இன்றைக்கும் சொகுசுக் கப்பல்களில் உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பக்கத்து அறைக்காரர் நம்மை முந்திவிடுவாரோ என்பதுதான் கவலை.

மேல் தளத்துக் கூடத்தில் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய வயசு. எண்ணூர்ப் பக்கம் பர்மா நகர் என்றார். பேரப்பிள்ளைகள் எல்லாம் லிஃப்ட் வரிசையில்.

“நீங்க போகலையாம்மா?” என்று கேட்டேன்.

“எதுக்குப்பா ஓடணும்? நான் இதே ஹார்பர்ல சின்னப் புள்ளயா எறங்குனவ. ரங்கூன் கப்பலு. அப்போ எங்கம்மா எறங்கவே மாட்டேன்னு ஒக்காந்துட்டா. எறங்கினா எங்க போறதுன்னு தெரியாது. இப்போ வூடு இருக்குது. அது எங்கயும் போவாது.”

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணியெல்லாம் பறிபோய், 1964-க்கு அப்புறம் கப்பல் கப்பலாக மதராஸில் வந்து இறங்கியவர்கள் அந்த அம்மாவைப் போன்றவர்கள். நகையையும் பணத்தையும் அங்கேயே விட்டுவிட்டு, கையில் வந்ததோடு வந்தவர்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் ஒன்றுமில்லாத இடத்தில் குடியேறி, அத்தோவையும் மொய்ங்காவையும் வடசென்னைக்கு அறிமுகம் செய்துவைத்தவர்கள். பீச் ஸ்டேஷன் எதிரே சாயங்காலம் அத்தோ சாப்பிடுகிற யாராவது அந்த இறக்கத்தை நினைக்கிறோமா? அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு காபி வாங்கிக்கொண்டேன். என்னைக் கேட்டால், கப்பலில் அன்றைக்குப் புத்தியோடு இருந்த ஒரே பயணி அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிஃப்ட் வாசலில் அடைந்து நிற்கிறவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் தெரியுமா? நம் ஊரைக் கடலிலிருந்து பார்க்கிற வாய்ப்பை. எத்தனை தலைமுறையாகக் கரையில் நின்று கப்பலைப் பார்த்தோம். கப்பலில் நின்று கரையைப் பார்க்கக் கிடைக்கிறது அந்த அரைமணி நேரம்தான். மேல் தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்து நின்றால் இடது பக்கம் மெரினா கலங்கரை விளக்கம். நேரே உயர் நீதிமன்றத்தின் செங்கல் சிவப்புக் கோபுரம். அதன் உச்சியும் ஒருகாலத்தில் கப்பலுக்கு வழிகாட்டிய விளக்குதான். வலது பக்கம் காசிமேடு. படகு மேல் படகாக, கொடிகளும் கயிறுகளுமாக. கடலிலிருந்து வருகிற விசைப்படகில் எது முதலில் இறங்கும் என்று அங்கே ஒருத்தருக்கும் சந்தேகம் கிடையாது. மீன் இறங்கும். ஏலத்துக்கு நேரமாகிவிட்டால் விலை போய்விடும். ஆள் அப்புறம் இறங்கலாம். அதற்கும் வடக்கே, புகைமூட்டத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். இரண்டுக்கும் நடுவில் எங்கோ நம் வீடு.

அங்கே நின்று பார்த்தால்தான் இன்னொரு கணக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. தெற்கே பரந்த மணல். வடக்கே கறுப்புக் கல். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, கடலுக்குள் சுவரை நீட்டியதும் மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. தென்சென்னைக்காரர்களுக்கு மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வர வேண்டிய மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் ஊருக்குள் ஏறி, வீடு, தெரு, கோயில் என்று தின்றது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், இன்னும் கொட்டுகிறார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் கால் நனைக்கப் பாறை மேல் குரங்கு மாதிரி இறங்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறைமுகத்துக்காக இவ்வளவு இழந்தவர்கள், அதன் வாயில் நுழைகிற நேரத்தில் நின்று ஒரு தடவை பார்க்கவாவது வேண்டாமா? பெட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு லிஃப்டின் எண் விளக்கைப் பார்க்கிறோம்.

ஒருவழியாக இறங்கியாயிற்று. கரையில் பெட்டிக் கூடம். சிவப்புச் சீட்டுப் பெட்டிகள் ஒரு பக்கம், மஞ்சள் சீட்டு ஒரு பக்கம். எல்லாமே கறுப்புப் பெட்டி. எல்லாவற்றிலும் அடையாளத்துக்கு என்று ஒரு சிவப்பு ரிப்பன். சகலை கோட்டும் கைலியுமாகக் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அங்கிருந்து வெளியே வந்தால் துறைமுகத்துக்குள் நினைத்த ஆட்டோ நுழைய முடியாது. பாதுகாப்பு வளையம், பாஸ், துப்பாக்கிக்காரர்கள். கேட்டுக்கு வெளியே ராஜாஜி சாலை.

முதல் ஆளாக இறங்கிய மச்சினன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். காரைக் கொண்டுவரச் சொன்ன சிநேகிதன் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டான். அந்தச் சாலையைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கு மேம்பாலச் சாலை போட 2009-இல் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012-இல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் மட்டும் நின்றன. 2022 மே மாதம் நரேந்திர மோடி இரண்டடுக்குப் பாலமாக அதற்கே மறுபடி அடிக்கல் நாட்டினார். கப்பலிலிருந்து ஆள் இறங்குவதற்கு முந்துகிற ஊரில், லாரி துறைமுகத்துக்குள் நுழைவதற்கு இத்தனை வருஷம். மச்சினனின் இரண்டு பிள்ளைகளும் பெட்டி மேல் உட்கார்ந்து, பசி என்று அழுதன. கப்பலில் அந்நேரம் பூரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இறங்குவதில் கப்பல்காரர்களுக்கும் அவசரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அடுத்த கூட்டம் ஏற வேண்டும். அறையைக் காலையிலேயே காலி செய்யச் சொல்கிறார்கள், படுக்கை மாற்ற வேண்டும், நியாயம். அறையைத்தான் காலி செய்யச் சொல்கிறார்களே தவிர, தாழ்வாரத்தில் போய் அடைந்து நில் என்று யாரும் சொல்லவில்லை. மேல் தளத்தில் நாற்காலி இருக்கிறது, காற்று இருக்கிறது, காபி இருக்கிறது.

ஆகவே வடசென்னைச் சகோதர சகோதரிகளே, அடுத்த தடவை போகும்போது பெட்டியை ராத்திரியே ஒப்படையுங்கள். காலையில் போடப்போகிற துணியை மறக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். எந்த நிறம் கடைசியோ அந்த நிறச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கொடுப்பார்கள், அதற்குப் போட்டியே கிடையாது. லிஃப்டை விமானக்காரருக்கும் ரயில்காரருக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் விடுங்கள். நமக்கு மண்ணடியில் ஏறினால் தேரடி. மெட்ரோ ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓடுகிறது.